துரை பயப்படவில்லை, தோழர்களே!

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு. உறுப்பினர் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் வெளியிடுகிறோம்.)



இந்த மேடையில் ஏறுபவர்கள் வழக்கமாகச் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள்; வீட்டைப் பற்றிப் பேசுவார்கள்; சந்தாவைப் பற்றிப் பேசுவார்கள். நாம் இன்று வேறொன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "சொல்லா? சொல் சோறு போடுமா?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் கேட்பது காதில் விழுகிறது. சொல் சோறு போடாமலிருக்கலாம், தோழரே. ஆனால் இருக்கிற சோற்றை அது பறித்துக்கொண்டு போனதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். அதைச் சொல்லத்தான் வந்தோம்.

முதலில் சிரிப்பில் தொடங்குவோம். அழுகை தானே பின்னால் வரும்.

வெள்ளைத் துரைமார் காலத்துக் கதை ஒன்று தோட்டந்தோறும் சொல்லப்படுவதுண்டு. தண்ணீர்க் குழாய் கேட்டு லயத்து மக்கள் பங்களாவுக்குப் போனார்கள். இங்கிலீஷ் பள்ளியில் நாலு வருஷம் படித்த ஒரு பையனைத் துபாஷாக அழைத்துக்கொண்டார்கள். துரை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐ ஆம் அஃப்ரெய்ட், வீ கேனாட் டூ இட் திஸ் இயர்" என்றார். பையன் திரும்பிப் பார்த்து, "துரை பயப்படுறாரு" என்றான். அவ்வளவுதான்! கூட்டம் ஆரவாரம் செய்தது. நம்முடைய ஒற்றுமையைக் கண்டு துரையே பயந்துவிட்டார் என்று லயத்தில் அன்றிரவு விருந்து நடந்தது. குழாய் மட்டும் வரவில்லை. அந்த வருஷமும் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை.

பையன் சொன்னது தப்பா? அகராதியை எடுத்துப் பாருங்கள். 'அஃப்ரெய்ட்' என்றால் பயம் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் ஆங்கிலேயன் ஒன்றை மறுக்கும்போது முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதில்லை. "சொல்ல வருத்தமாயிருக்கிறது, முடியாது" என்பதைத்தான் அப்படிச் சொல்கிறான். துரை பயப்படவில்லை, தோழர்களே! துரை கதவைச் சாத்தினார். சத்தம் கேளாமல் சாத்தினார். அவ்வளவுதான்.

இன்னொன்று. ஒரு சின்னத்துரை காலையில் ஆபீஸுக்குள் நுழைந்து புதிதாய் வந்த இளங்கிராணியிடம், பத்தாம் நம்பர் வெட்டுக்காட்டுக் கிழவர் "கிக்ட் தி பக்கெட்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். பக்கெட் என்றால் வாளி. கிக் என்றால் உதை. ரப்பர்த் தோட்டத்தில் வாளி என்றால் வேறென்ன? பால் வாளிதான். கிராணி ஏட்டை எடுத்து, "கிழவர் வாளியை உதைத்துப் பாலைக் கவிழ்த்தார்" என்று எழுதி, எவ்வளவு பிடிக்கலாம் என்று கேட்கப் போனாராம். அந்த ஆங்கில வழக்குக்கு அர்த்தம், ஆள் செத்துப்போனார் என்பது! லயத்தில் பிணம் கிடக்கிறது. ஏட்டில் அபராதம் ஏறுகிறது.

நடந்ததோ, யாரோ கட்டியதோ, நாம் அறியோம். ஆனால் இந்தக் கதைக்கு நாம் சிரிக்கும்போது உள்ளே எங்கோ சுடுகிறதல்லவா? ஏன் சுடுகிறது? இப்படித் தப்பாக அர்த்தம் செய்துகொண்டு பலர் முன்னிலையில் கூனிக் குறுகி நின்றவர்கள் நம்மில் பலர் உண்டு. "இது கூடத் தெரியாதா?" என்ற ஒரு வார்த்தையில் வாய் அடைத்துப் போனவர்கள் உண்டு.

ஆகவே முதல் கேள்வியைக் கேட்போம். இது நம்முடைய அறியாமையா?

இல்லை என்று மார்தட்டிச் சொல்வோம். தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். "கம்பி நீட்டிவிட்டான்" என்கிறோம். எந்தக் கம்பி? "தண்ணி காட்டிவிட்டான்" என்கிறோம். எந்தத் தண்ணீர்? "காது குத்தாதே" என்கிறோம். ஊசி எங்கே? கடனை வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான் என்று ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். கம்பி எத்தனை அடி நீளம் என்றுதான் கேட்பார். துரைமாரும் தமிழ் படித்தவர்கள்தான். கொழும்பில் சின்னத்துரைமாருக்காகவே சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்படி ஒரு தமிழ்க் கையேடு அச்சிட்டார்கள். அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'இங்கே வா!' அந்தப் பெயரிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. வேலை வாங்கும் தமிழ் அவர்களுக்கு வேண்டியிருந்தது. நாம் சிரிக்கும் தமிழும், நாம் நொந்துகொள்ளும் தமிழும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரிந்தும், சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காத தொடர்கள் உண்டு. அவற்றை மரபுத்தொடர் என்று புலவர்கள் சொல்வார்கள். நமக்கு விளங்கும்படி சொன்னால், அது வீட்டுக்காரர்கள் மட்டும் புழங்கும் கொல்லைப்புற வழி. புதிதாய் வந்தவன் முன்வாசலில்தான் நிற்பான். அதில் வெட்கம் என்ன இருக்கிறது?

வெட்கமில்லை என்பதற்கு இரண்டு சாட்சிகள் சொல்கிறோம். இரண்டிலும் பேசியவர்கள் ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைத் தலைவர்களும் அமெரிக்கப் படைத் தலைவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள். ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள் பிரிட்டிஷார். கூடாது என்றார்கள் அமெரிக்கர். நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு, இப்போதே எடுத்துப் பேசுவோம் என்று அர்த்தம். அமெரிக்காவிலோ, இப்போது வேண்டாம், ஒத்தி வைப்போம் என்று அர்த்தம். இரு தரப்பும் விரும்பியது ஒன்றே! சண்டை போட்டது சொல்லுக்காக. இதைச் சர்ச்சிலே தமது போர் வரலாற்று நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

மற்றது துயரமானது. 1951 ஏப்ரலில் கொரியாவில் இம்ஜின் ஆற்றங்கரையில் ஒரு பிரிட்டிஷ் பட்டாளத்தைப் பெருஞ்சேனை சூழ்ந்துகொண்டது. நிலைமை எப்படி என்று அமெரிக்கத் தளபதி கேட்டார். பிரிட்டிஷ் பிரிகேடியர், நிலைமை "எ பிட் ஸ்டிக்கி" என்றாராம். கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது என்பது சொல்லுக்குச் சொல் பொருள். ஆங்கிலேயன் அப்படிச் சொன்னால் தலைக்கு மேல் வெள்ளம் என்று பொருள். அமெரிக்கருக்கோ, ஏதோ சிறு சிரமம், சமாளித்துக்கொள்வார்கள் என்று பட்டது. உரிய காலத்தில் உதவியும் வரவில்லை, பின்வாங்கும் உத்தரவும் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டாளத்தில் பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள்.

ஆங்கிலம் பேசுகிறவனுக்கும் ஆங்கிலம் பேசுகிறவனுக்கும் இடையிலேயே இப்படியென்றால், விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போய் நிற்கிற நமக்கு ஆங்கில மரபுத்தொடர் விளங்கவில்லை என்பதில் என்ன குறை?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மலாய் மரபுத்தொடர் நமக்கு விளங்காமல் போகிறதா? 'மாக்கான் ஆங்கின்' என்றால் காற்றைத் தின்பது என்று நம்மில் யாராவது நினைக்கிறோமா? உலாவப் போவது, ஊர் சுற்றிப் பார்ப்பது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். 'மாக்கான் காஜி' என்றால் சம்பளத்தைத் தின்பதல்ல. கூலிக்கு வேலை செய்து பிழைப்பது. 'புவா தாங்ஙான்' என்றால் கையில் காய்த்த பழமல்ல. போகிற வீட்டுக்குக் கொண்டுபோகும் அன்பளிப்பு. 'பெசார் கெப்பாலா' என்றால் பெரிய தலை. நாமும் தலைக்கனம் என்கிறோம். ஆங்கிலேயனும் 'பிக் ஹெட்' என்கிறான். கர்வம் பிடித்தவனை மூன்று ஜாதியாரும் ஒரே இடத்தில்தான் தட்டியிருக்கிறார்கள்!

மலாய் எப்படி நமக்கு இவ்வளவு சுலபமாய் வந்தது? சந்தையில் பேசினோம். பக்கத்துக் கம்பத்தில் பேசினோம். பந்து விளையாடும் திடலில் பேசினோம். தப்பாய்ச் சொன்னால் அவர்கள் சிரித்தார்கள்; நாமும் சேர்ந்து சிரித்தோம்; அடுத்த தடவை சரியாய்ச் சொன்னோம். ஆங்கிலம் அப்படியா வந்தது? மேலேயிருந்து வந்தது. பங்களாவிலிருந்தும் ஆபீஸிலிருந்தும் நீண்ட கவரில் வைத்தும் வந்தது. மொழியின் கொல்லைப்புற வழி, கூடிப் பழகினால்தான் தெரியும். கட்டளையாய் மட்டும் வந்த மொழியில் அது எப்படித் தெரியும்? குறை நம் மூளையில் இல்லை. அந்த மொழி நம்மிடம் வந்து சேர்ந்த வழியில் இருக்கிறது.

ஆனாலும் ஒன்று, தோழர்களே. ஆங்கில மரபுத்தொடர்களில் சில நம் வர்க்கத்தாரின் வியர்வையில் பிறந்தவை. வேலைநிறுத்தத்துக்கு 'ஸ்டிரைக்' என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? 1768-ல் லண்டன் துறைமுகத்து மாலுமிகள் கூலி உயர்வு கேட்டுக் கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாயை இறக்குவதற்கு மாலுமிகள் சொல்லும் சொல் 'ஸ்டிரைக்'. பாய் இறங்கினால் கப்பல் நகராது. அன்று இறங்கிய பாய்தான் இன்று உலகத் தொழிலாளரின் ஆயுதத்துக்குப் பெயராய் ஏறியிருக்கிறது.

'பாய்காட்' என்கிறோம். அது ஓர் ஆளின் பெயர்! 1880-ல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் கேப்டன் பாய்காட் என்ற ஒருவர் ஒரு பிரபுவின் நிலங்களுக்கு ஏஜண்டாக இருந்தார். குத்தகையைக் குறைக்கக் கேட்ட குடியானவர்களை வெளியேற்றப் பார்த்தார். ஊர் என்ன செய்தது? கல்லெடுத்து எறிந்து ஆளைக் கொல்லவில்லை. அவருக்கு அறுவடைக்கு ஆள் போகவில்லை. கடையில் சாமான் கொடுக்கவில்லை. யாரும் அவரோடு பேசவில்லை. வேறு மாவட்டங்களிலிருந்து ஏறக்குறைய ஐம்பது பேரைக் கொண்டுவந்து, பட்டாளத்தையும் போலீஸையும் காவல் வைத்து அறுவடை செய்தார்கள். விளைச்சலின் மதிப்பைவிடக் காவலுக்கு ஆன செலவு பன்மடங்கு! அந்த வருஷக் கடைசியிலேயே அவர் ஊரை விட்டுப் போனார். பெயர் மட்டும் அகராதியில் தங்கிவிட்டது.

வேலைநிறுத்தத்தை உடைக்க வருகிறவனை ஆங்கிலத்தில் 'பிளாக்லெக்' என்பார்கள். கறுத்த கால். நாம் என்ன சொல்கிறோம்? கருங்காலி! ஆனால் நம் தமிழில் அது ஒரு மரத்தின் பெயருமாகும். வைரம் பாய்ந்த மரம். அதில் காம்பு செய்து கோடாலியில் மாட்டி மற்ற மரங்களை வெட்டுவார்கள். தன் இனத்தைத் தானே அழிப்பதற்குத் துணை போவதால் அந்தப் பெயர் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். அவன் சொல்லும் நம் சொல்லும் ஒன்றாய்ச் சந்தித்த இடம் இது. நம் சொல் அதைவிட ஆழமாய் வெட்டுகிறது.

இனி, சிரிப்பை ஒதுக்கி வைப்போம். சொல் சோற்றைப் பறித்த கதைக்கு வருகிறோம்.

1980-களில் ஒரு தோட்டம். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டுக்கொண்டிருந்த காலம். ஆள் குறைப்பு நடக்கும் என்று பேச்சு அடிபட்டது. இருபத்தாறு வருஷம் மரம் வெட்டிய ஒரு பெரியவர், மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று பத்து நாள் லீவு கேட்டிருந்தார். அந்த வாரமே அவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். புதிதாய் வந்த மேனேஜர் ஓர் ஆங்கிலக் கடிதத்தைக் கையில் கொடுத்து, "வீ ஹேவ் டு லெட் யூ கோ" என்றார். பெரியவர் பக்கத்திலிருந்த கிராணியைப் பார்த்தார்.

"என்னங்கய்யா சொல்றாரு?"

"உங்களைப் போகவிடுறாங்களாம், பெரியவரே."

பெரியவர் முகம் மலர்ந்தது. "மகராசனா இருக்கணும்" என்று மேனேஜரைக் கையெடுத்துக் கும்பிட்டார். கிராணி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போனார்.

பத்து நாள் கழித்துப் பேரப்பிள்ளையைப் பார்த்த சந்தோஷத்தோடு விடியற்காலையில் பெரட்டுக்கு வந்து நின்றார். செக்ரோலில் பெயர் இல்லை. போகவிடுகிறோம் என்றால் லீவு அல்ல, தோழர்களே. வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம் என்பதை ஆங்கிலத்தில் அப்படிப் பதமாய்ச் சொல்வார்கள். கயிற்றை அறுத்துவிட்டு, அவிழ்த்துவிட்டோம் என்பது போல!

பெரியவர் ஆபீஸுக்கு ஓடினார். "சிட் டைட், வீ வில் லுக் இன்டு இட் இன் டியூ கோர்ஸ்" என்று பதில் வந்தது. இறுக்கி உட்கார், பார்க்கிறோம், உரிய காலத்தில் என்று சொல்லுக்குச் சொல் அர்த்தமாயிற்று. பெரியவர் உட்கார்ந்தார். உரிய காலம் வரும் என்று உட்கார்ந்தார். தீபாவளி வந்தது. உரிய காலம் வரவில்லை. யாரோ சொல்லிச் சங்கத்துக்கு வந்தபோது மூன்று மாதம் ஓடிவிட்டது.

1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நியாயமின்றி வேலை நீக்கப்பட்டதாகக் கருதுகிறவர் 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். அறுபதாம் நாள் தாண்டினால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். பெரியவருக்கு மூடிக்கொண்டது. 'உரிய காலத்தில்' என்ற இரண்டு சொல்லை நம்பி அவர் தம் காலத்தை இழந்தார்.

அந்தக் கடிதத்தை அவருக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சொன்ன கிராணி யார் என்று கேட்கிறீர்களா? வேறு யாருமில்லை, தோழர்களே. நாம்தாம்.

நாம் அப்போது இருபத்திரண்டு வயது. பள்ளியில் ஆங்கிலத்துக்கு நல்ல மார்க்கு வாங்கியவர். 'லெட்' என்றால் விடு, 'கோ' என்றால் போ என்று தெரியும். இரண்டும் சேர்ந்தால் ஒரு குடும்பம் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது தெரியாது. தெரியவில்லை என்று மேனேஜரிடம் கேட்க வெட்கம். கேட்டால், கிராணிக்கே இங்கிலீஷ் தெரியவில்லை என்று ஆகிவிடுமே! அந்த ஒரு நிமிஷ வெட்கத்தின் விலையைக் கொடுத்தது நாமல்ல, அந்தப் பெரியவர்.

அவர் சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று நாம் போய்த் தலைகுனிந்து நின்றோம். "ஐயா, நீங்க சொன்னதை நான் நம்பினேன். நம்பினது தப்பில்லீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை. இன்றுவரை அந்த வார்த்தை நம்மை விட்டுப் போகவில்லை. நாம் சங்கத்துக்கு வந்ததும், இன்று இந்த மேடையில் நிற்பதும் அந்த வார்த்தைக்குப் பட்ட கடனைத் தீர்க்கத்தான்.

அதற்குப் பின் ஆபீஸ் கடிதங்களில் வரும் தொடர்களை ஒவ்வொன்றாய்க் குறித்து வைக்கத் தொடங்கினோம். சிலவற்றைச் சொல்கிறோம், கேட்டு வையுங்கள்.

'டொமெஸ்டிக் இன்குவைரி' என்று வரும். டொமெஸ்டிக் என்றால் வீட்டுக்குரியது. ஒரு தோழர், புருஷன் பெண்சாதி சண்டையை விசாரிக்கப் போகிறார்கள் என்று நினைத்து, மனைவியை அழைத்துக்கொண்டு போனார். அது வீட்டு விசாரணையல்ல. உங்கள் மேல் சாட்டிய குற்றத்தைக் கம்பெனி தனக்குள்ளேயே விசாரிக்கும் உள்விசாரணை. அதில் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகும்.

'ஷோ காஸ்' கடிதம் வரும். எதையும் கொண்டுபோய்க் காட்டச் சொல்வதல்ல. உன் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் எழுது என்கிறார்கள். கெடு போட்டிருப்பார்கள். கெடுவுக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும்.

'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று தலைப்பில் போட்டு வரும். பாரபட்சமில்லாமல் எழுதியிருக்கிறார்கள், நல்ல மனுஷர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். சமாதானத்துக்காக இதை எழுதுகிறோம். இதைக் கோர்ட்டில் எங்களுக்கு எதிராகக் காட்டக் கூடாது என்பது அதன் கருத்து.

"ஐ குடின்ட் அக்ரீ மோர்" என்று பேச்சுவார்த்தையில் சொல்வார்கள். குடின்ட் என்று காதில் விழுந்ததும், ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்று எழுந்துவிடாதீர்கள்! முழுக்க முழுக்க ஒப்புக்கொள்கிறேன், இதற்குமேல் ஒப்புக்கொள்ள இடமில்லை என்கிறார். "ஐ ஆம் புல்லிங் யுவர் லெக்" என்றால் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று பொருள். நம் தமிழில் காலை வாருவது துரோகம். ஆங்கிலத்தில் காலை இழுப்பது கேலி.

எல்லாவற்றிலும் ஆபத்தானது சின்னஞ்சிறு சொல். 'யெஸ்.' விசாரணையில், "யூ டிட் நாட் டேக் தி லேடெக்ஸ்?" என்று கேட்பார்கள். நீ பாலை எடுக்கவில்லை, அப்படித்தானே? தமிழில் நாம் என்ன சொல்வோம்? "ஆமாம், எடுக்கவில்லை" என்போம். பயத்தில் பாதி வார்த்தை தொண்டையில் நின்றுவிட்டால் "ஆமாம்" மட்டும் வெளியே வரும். அது 'யெஸ்' என்று பதிவாகும். ஆங்கில முறைப்படி 'யெஸ்' என்றால், எடுத்தேன் என்று ஆகிவிடும்! ஆகையால் தோழர்களே, ஆமாம் இல்லை என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தாதீர்கள். "நான் எடுக்கவில்லை" என்று முழு வாக்கியமாய்ச் சொல்லுங்கள்.

இப்போது நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, விளங்கவில்லை என்றால், விளங்கவில்லை என்று உரக்கச் சொல்லுங்கள். அது பிச்சையல்ல, உரிமை. தேசிய மொழியில் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது, விளங்காத காகிதத்தில் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பிரதி வாங்கிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். கடிதம் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கையெழுத்துக் கேட்டால், 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு எழுதிப் போடுங்கள்.

மூன்றாவது, வேலை போன நாளைச் சுவரில் தொங்கும் காலண்டரில் வட்டமிடுங்கள். அறுபதை எண்ணுங்கள். பார்க்கிறோம், ஆகட்டும், உரிய காலத்தில் என்று யார் சொன்னாலும் எண்ணுவதை நிறுத்தாதீர்கள். கடலுக்கு அப்பால் சிங்கப்பூரில் வேலை செய்யும் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அங்கே கெடு இன்னும் குறைவு. கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிட வேண்டும்.

நான்காவது, கிராணித் தோழர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். காகிதம் உங்கள் கை வழியாகத்தான் லயத்துக்குப் போகிறது. சொல்லைப் பெயர்க்காதீர்கள், கருத்தைப் பெயர்த்துச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள். கேட்பதால் கிராணியின் மதிப்பு குறையாது. கேளாததால் ஒருவன் வாழ்வு குறையும். தப்பாய் அர்த்தம் செய்துகொண்டு வரும் ஒரு பால்மரத்துத் தோழரைப் பார்த்து நகைக்காதீர்கள். அவர் நகைக்கும்படியான ஆங்கிலம் உங்களிடமும் உண்டு, எம்மிடமும் உண்டு.

கடைசியாய் ஒன்று. ஒரு காலத்தில் இந்தத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்து, பாஷை புரியாமல் விழித்து நின்றவர்கள் நம் பாட்டனும் பாட்டியும். இன்று செம்பனைக் காட்டில் வேலை செய்ய வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நாம் பேசுகிற கலப்பு மலாய் விளங்காமல் அவர்கள் விழிக்கிறார்கள். நம் மண்டோர் சொல்லும் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு தப்பாய்ச் செய்துவிட்டு ஏச்சு வாங்குகிறார்கள். அவர்களைப் பார்த்து நாம் சிரித்தோமானால், அன்று நம் பாட்டனைப் பார்த்துச் சிரித்தவர்களின் பக்கத்தில் போய் நிற்கிறோம் என்று அர்த்தம். நிதானமாய்ச் சொல்லுங்கள். இரண்டு தடவை சொல்லுங்கள். கையால் காட்டிச் சொல்லுங்கள். கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு நின்றால், சங்கத்துக்கு வா என்று அழைத்து வாருங்கள்.

அந்தப் பெரியவருக்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: "பெரியவரே, இது எனக்கே சரியாய் விளங்கவில்லை; கையெழுத்துப் போடாதீர்கள்; கேட்டுச் சொல்கிறேன்." இந்த வாக்கியத்தைச் சொல்ல ஆங்கிலமே வேண்டியதில்லை. கொஞ்சம் தைரியம் போதும். அந்தத் தைரியம் அன்று நம்மிடம் இல்லை. இன்று இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும்.